பாக்கியம் உட்காருமிடம், ஒன்று முதல் ஆறு வரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் பக்கத்து வரைபடக் குழுவுக்குச் செய்தி மடல் போடுகிற சங்கரலிங்கம் தம்பிக்கு, ராஜபாளையத்திலிருந்து ஜெபமணி வீட்டுக்காரி ஞானபாக்கியம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் வீட்டிலும் வரைபடத்திலும் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் அஞ்சாப்பு வரை படித்தவள். பிழை இருந்தால், தப்பான தெருப் பெயரைத் திருத்துவது போலத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டர் போடப் போகிற தெருவையெல்லாம் போனில் உங்கள் வரைபடத்தில் குறித்துக்கொண்டே திரிந்த என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். அவர் இறந்து நாலு மாதமாகிறது. மடல் இன்னும் அவர் போனுக்கு வருகிறது. நிறுத்தச் சொல்ல மனசில்லாமல் நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். கூமாப்பட்டிப் பாதையைத் திருத்தியது, புது அப்டேட் வந்தது எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி.

இந்த மாத மடலில், பெயர்ப்பலகை இல்லாத இடங்களை முப்பதாம் தேதியோடு நீக்கப்போகிறோம், வேண்டுமென்றால் நேரில் போய்ப் படமெடுத்து அனுப்புங்கள் என்று போட்டிருந்தீர்கள். கீழே பட்டியலில் ‘பாக்கியம் உட்காருமிடம்’, ஒன்று முதல் ஆறு வரை! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பக்கத்து வீட்டுப் பானுப்பிரியா அவர் போனில் திறந்து வாசித்தாள். “மார்க்கெட் பாலக்கட்டை. நானூறு அடி நடந்ததும் முழங்காலைப் பிடித்தாள். சாயங்காலம் நிழல் உண்டு.” இப்படி ஆறு இடத்துக்கும் என் வீட்டுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். நானோ அப்போதெல்லாம், “பொண்டாட்டி நொண்டிக்கிட்டு வாரா, இவியளுக்குப் போனைப் பாக்கத்தான் நேரம்” என்று தெருவே கேட்க ஏசியிருக்கிறேன்.

சரி, படமெடுப்போம் என்று கிளம்பினேன். பாலக்கட்டையில் போனை எந்தப் பக்கம் பிடித்தேனோ, படத்தில் என் மூக்குதான் விழுந்தது. அதை அனுப்பினால், ‘படத்தில் இடம் இல்லை, ஆள் இருக்கிறது’ என்று உங்கள் சாப்ட்வேர் திருப்பிவிட்டது. மறுபடி எடுக்கையில் ஒரு ஆடு வந்து படுத்துக்கொண்டது, அதுவும் உட்காருமிடம்தானே என்று அப்படியே அனுப்பினேன். இரண்டாவது, சுப்புராஜ் மருந்துக் கடைப் படி. அவர் ஓடிவந்து, “என்னக்கா, படிய இடிக்கப் போறாகளா? உங்கள முனிசிபாலிட்டில சேத்துட்டாகளா?” என்று பதறி, எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது சிமெண்டு பெஞ்சில் இருந்த ரெண்டு பேர் எழுந்திருக்கச் சொன்னதற்கு, தலை சீவிக்கொண்டு போஸ் கொடுத்தார்கள். நாலாவதில் மரத்தையே வெட்டிவிட்டார்கள், வேரைத்தான் எடுத்தேன். அஞ்சும் ஆறும் உங்கள் ஊர், தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழி. அஞ்சாவது ஒரு கோயில் சுவர், அது ஒழுங்காக விழுந்தது. ஆறாவது ஒரு பால்கோவாக் கடை வாசல். “வாங்கக்கா, அண்ணன் வரலியா?” என்றார் கடைக்காரர். அவருக்குத் தெரியாது போல. “பொறவு வருவாக” என்று சொல்லி, கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே தம்பி, ஆறு இடத்தையும் நீக்கிவிடாதீர்கள். முழங்கால் வலி என்பது பட்டவளுக்குத்தான் தெரியும். என்னைப் போல் எம்புட்டோ பொம்பளைகள் அந்த வழியில் நடக்கிறார்கள், அவர்களுக்கு உதவும்.

உங்களுக்கும் குழுப் பிள்ளைகளுக்கும் கண் பார்வையும் கால் பலமும் குறையாமல் ஆண்டவர் காக்கட்டும்.

அன்புடன்,
ஜெ. ஞானபாக்கியம்

பின்குறிப்பு: பொய் சொல்லி ஜெபிக்க முடியவில்லை தம்பி. படமெடுக்கப் போன அன்று நான் எங்கேயும் உட்காரவில்லை. எனக்கு முழங்கால் வலியே கிடையாது, அப்போதும் கிடையாது. சிலிண்டர் சுமந்த மனுசன், எங்கே போனாலும் ஓட்டமாகத்தான் போவார். நான் கால் வலிக்குது என்றால்தான் செத்த நேரம் பக்கத்தில் உட்காருவார். இடங்களை வைப்பதும் எடுப்பதும் உங்கள் இஷ்டம். இதை மட்டும் மடலில் போட்டுவிடாதீங்க. அது அவர் போனுக்குத்தானே வருகிறது, அவியளுக்குத் தெரியக் கூடாது.