உன் அக்காவின் காலர் இறங்கிய கதை

என்றும் என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சானுக்கு, உன் அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, தையல் மெஷின் மூவரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

"உன் அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, உடனே வந்து தடுத்து நிறுத்து" என்று அன்றைக்குப் போனில் கத்தினேன் அல்லவா, அதை அடியோடு மறந்துவிடு. நீ வர வேண்டாம். தாடைக்கு அடியில் தொங்கும் சதையைக் கரைக்க ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் உனக்கே தெரியுமே மச்சான், அந்தச் சதைக்குப் பயந்து எத்தனை வருஷமாக அவள் போட்டோவுக்கு நிற்பதில்லை! நின்றாலும் யாராவது உயரமானவர் முதுகுக்குப் பின்னால். "உங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே ஒரு போட்டோ அனுப்புங்கப்பா" என்று தூரத்தில் இருக்கும் மகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தே போனாள். நானும் என் பங்குக்கு, அவள் வாய் திறந்து கேட்காமலேயே, அவளுடைய ஆபீஸ் சட்டைகளின் காலரை வருஷத்துக்கு வருஷம் ஏற்றித் தைத்துக்கொண்டு வந்தேன்.

சண்டை போடத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். ஆனால் அந்த டாக்டரம்மா தாடைக்கு அடியில் கோணாமல் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்ததைப் பார்த்ததும் வந்த காரியமே மறந்துபோனது. கத்தரி வைக்குமுன் நான் துணியில் சாக்பீஸால் போடும் குறிகூட அத்தனை சுத்தமாக இராது. "இது உடம்பு இளைக்கிறதுக்கு இல்லைங்க. எவ்வளவு நடந்தாலும் போகாம அடம் பிடிக்குதே, அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும்தான். முதல்ல நல்லா வீங்கும், அப்புறம்தான் வடியும்" என்று சொன்னாராம். புள்ளிகளை ரசித்துக்கொண்டிருந்த என் காதில் ஒன்றும் விழவில்லை. அடுத்து ஊசியை எடுத்தார். வாழ்நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். தடாலென்று விழுந்ததும் நான்தான். குத்து வாங்கியவளோ அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தனக்குக் கொடுத்த ஐஸ் பையை என் நெற்றிக்கு நீட்டி, "டாக்டர், முதல்ல இவரைப் பாருங்க" என்றாளே, அந்தத் தைரியத்துக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

மறுநாள் பார்த்தால் தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டன. போச்சு, காரியம் கெட்டது என்று பதறினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல்தானே? வீங்கிய கழுத்துக்கு நாடா வைத்து அளவெடுத்து, காது மடலைத் தொடும் காலரோடு புதுச் சட்டை தைக்க உட்கார்ந்தேன். கடைசிப் பொத்தான் வைப்பதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. போட்டுப் பார்த்தவள் காலருக்குள் இரண்டு கையையும் விட்டு, "இன்னும் இடமிருக்கு, நீங்களும் உள்ள வந்துடுங்க" என்று சிரித்தாள்.

மறுபடியும் சில தடவை போய் வந்தாள். கரைந்தது மச்சான், உண்மையிலேயே கரைந்தது! போன வாரம் சட்டைகளை அள்ளிவந்து என் முன்னால் போட்டு, "எல்லாத்துலயும் காலரை எடுத்துடுங்க" என்றாள். பிரிக்க உட்கார்ந்தேன், கண் கலங்கித் தையலே தெரியவில்லை. நேற்று ஸ்டூடியோவில் யாரும் கூப்பிடாமல் அவளே முன்னால் போய் நின்றாள், நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன். போட்டோ மகளுக்குப் போய்விட்டது. உனக்கும் இதோடு ஒன்று வைத்திருக்கிறேன்.

என்னையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். வயசுக்குத் தகுந்த சதை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆகவே நீ வீணாக அலைய வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், தங்கைக்கு என் வாழ்த்து, உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த தூக்கமும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். "அம்மா சூப்பர்ப்பா! பக்கத்துல நிக்கிறது யாரு, பெரியப்பாவா?" என்றாள். போட்டோவை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மாவிடம் எனக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். உன் அக்காவோ சிரிப்பை அடக்க முடியாது, வரமாட்டேன் என்கிறாள். உடனே புறப்பட்டு வா. விழுந்தால் தாங்குகிற உடம்பு நம் குடும்பத்தில் உனக்குத்தான் இருக்கிறது.