கம்பி போட்ட பல்லுக்கு இரவல் வாய்

குடையை இரவல் வாங்குகிறவர்கள் உண்டு, ஏணியை இரவல் வாங்குகிறவர்கள் உண்டு, விருந்துக்கென்று வாங்கிப்போன பெரிய சட்டியை அடுத்த தீபாவளி வரை திருப்பித் தராதவர்களும் உண்டு. இவர்களை நமக்குத் தெரியும்; மன்னித்தும் விட்டோம். இங்கே அறிமுகப்படுத்தப்போவது, யாரும் கேட்காமலே தன் பொருளை இரவல் கொடுக்கும் ஒரு தாராள இனத்தை. இவர்கள் கொடுப்பது வாய். கேள்வி ஒருவரிடம் போகும். பதில் இவர்களிடமிருந்து வரும். ஆகவே இவர்களை இரவல் வாய்க்காரர்கள் என்போம்.

கண்டுபிடிப்பது சுலபம். சாப்பாட்டுக் கடையில் பையன் வந்து நின்றதும், "அவருக்குத் தே ஓ, சீனி குறைச்சு" என்பார்கள். தே ஓ என்றால் பால் இல்லாத தேநீர்; அந்த 'அவர்' காலையிலிருந்து பால் விட்டு நுரைக்க ஆற்றிய கெட்டியான தே தாரிக்கை நினைத்துக்கொண்டிருந்தவர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பிள்ளையைப் பார்த்துப் பெயர் கேட்டால், பெயரோடு சேர்த்துப் பிள்ளையின் பயம், பசி, பிடிக்காத காய் எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், வலிக்கிறவர் யோசித்து முடிப்பதற்குள் வலிக்காதவர் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார். ஓர் இழவு வீட்டில், "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று யாரோ விசாரிக்க, மூலையிலிருந்து இன்னொருவர், "எங்க, சொல்ல விட்டாத்தானே" என்று முணுமுணுத்ததாகவும் கேள்வி.

ஆனால் புலிக்குக் காடு போல, இந்த இனத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது. பல் கிளினிக். யோசித்துப் பாருங்கள். நோயாளியின் வாய் திறந்திருக்கிறது. உள்ளே கண்ணாடி, பஞ்சு, எச்சிலை உறிஞ்சும் குழாய், டாக்டரின் இரண்டு விரல். வேறு எங்கே கிடைக்கும் இப்படிப்பட்ட வசதி?

இனத்தின் சிறந்த பிரதிநிதியாக, கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் குடியிருக்கும் தனலெட்சுமியை எடுத்துக்கொள்ளலாம். நல்ல பெண்மணி. அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ரசம் இவர் வீட்டிலிருந்துதான் போகும். இவருடைய மகள் லோகேஸ்வரி, வயது இருபத்தாறு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொள்கலன்களை வெளியே எடுத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை. "பாஸ், உங்க லோரிய நகத்துறீங்களா, நான் வந்து நகத்தட்டுமா?" என்று அவள் ஃபோனில் கேட்டால், வடக்கே தொலைவில் பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஓட்டுநர்கள்கூட மறுபேச்சில்லாமல் நகர்த்துவார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய் இரவல் தேவையா? தேவையில்லைதான். ஆனால் தேவை பார்த்துக் கொடுப்பது கஞ்சர்களின் வழக்கம்.

லோகேஸ்வரி பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பிரவின், செலாயாங்கில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை. கத்திக் கத்தி விற்கும் குடும்பத்தில் பிறந்தும் மெதுவாகவே பேசுகிறவன். கல்யாணப் படத்தில் கம்பி தெரியக்கூடாது என்பது லோகேஸ்வரியின் ஒரே ஆசை. மண்டபம், சாப்பாடு, மாலையின் நிறம் எல்லாவற்றையும் அம்மாவுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு அவள் தனக்கென்று வைத்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

பிரிக்பீல்ட்ஸில் மாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கிளினிக். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் தாயும் மகளும் போவார்கள். டாக்டர் நிலானி கம்பியை முறுக்குவார். பல் விளக்கக் கற்றுக்கொடுப்பது நர்ஸ் மாதவி. அவரிடம் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாடையும், அதற்கேற்ற ராட்சத பிரஷும் இருந்தன.

"கம்பி போட்ட பல்ல சும்மா இழுத்து விளக்கக்கூடாது. பிரஷ்ஷ சாய்ச்சுப் பிடிங்க. முதல்ல கம்பிக்கு மேல, ஈறு ஓரமா. அப்புறம் கம்பிக்குக் கீழ. கடைசியா இந்தக் குட்டி பிரஷ்ஷ கம்பிக்கு உள்ள விட்டு எடுங்க. எங்க, நீங்க செஞ்சு காட்டுங்க பாப்போம்" என்று மாதவி தாடையை லோகேஸ்வரியிடம் நீட்டினார்.

தாடையை வாங்கியது தனலெட்சுமி.

அருமையாகச் செய்தார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாய்த்துப் பிடித்தார், மேலே போனார், கீழே வந்தார், உள்ளே விட்டு எடுத்தார். மாதவியே அசந்துபோனார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ விளக்குறீங்க?" என்று மாதவி லோகேஸ்வரியைக் கேட்டார்.

"மூணு வேள" என்றார் தனலெட்சுமி. "நானே பக்கத்துல நின்னு பாப்பேன்."

அன்றிலிருந்து பண்டமாரானில் பல் கல்வி பரவியது. கொம்யூட்டரில் எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணிக்குப் பேனாவை பிரஷ்ஷாக்கி, "அத்தாஸ், பாவா, டாலாம்" என்று மேல், கீழ், உள் மூன்றையும் கற்றுக்கொடுத்து, கோயிலில் பிரசாத வரிசையில் முன்னால் நின்றவருக்குக் கற்றுக்கொடுத்து, வாழ்நாளில் கம்பியே போடப்போகாத பக்கத்து வீட்டு உஷாராணிக்கும் கற்றுக்கொடுத்து, கடைசியில் கணவர் ரெங்கசாமி கண்ணாடிக் குவளையில் ஊறப்போட்டிருந்த பல் செட்டை எடுத்துச் சாய்த்து விளக்க ஆரம்பித்தார்.

"அது பிளாஸ்டிக், தனம்" என்றார் ரெங்கசாமி.

"பிளாஸ்டிக்குன்னா அழுக்கு வராதா? நீங்க சும்மா இருங்க லா."

அவர் சும்மா இருந்தார். அதில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

காலையில் லோகேஸ்வரி குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே குரல் நிற்கும். "சாய்ச்சியா? மேல முடிச்சிட்டியா? உள்ள விடு. தண்ணி சத்தம்தான் கேக்குது, பிரஷ் சத்தத்த காணோம்." இப்படி ஒரு நேர்முக வர்ணனையோடு பல் விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? சீக்கிரம் முடித்துக்கொண்டு வெளியே வரத்தான் தோன்றும்.

ஆனால் அவள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் வேறு. வலது பக்கம், கடைசிப் பல்லுக்குப் பின்னால், கம்பியின் நுனி கொஞ்சம் நீண்டு கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. பிரஷ் அங்கே போனாலே கண்ணில் நீர் வரும். அதனால் பிரஷ் அங்கே போவதில்லை. அழுக்கு சேர்ந்தது, ஈறு வீங்கியது, தொட்டால் ரத்தம் வந்தது. டாக்டர் நிலானி ஒவ்வொரு முறையும் கேட்காமல் இல்லை.

"வலி ஏதும் இருக்கா, லோகேஸ்?"

"ஆ" என்பாள் லோகேஸ்வரி, டாக்டரின் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்று தனலெட்சுமி மொழிபெயர்ப்பார். "அவ தாங்குவா. காது குத்துனப்பவே அழாத பிள்ள."

டாக்டரும் எழுதிக்கொள்வார். போகப்போக டாக்டர் கேள்வியை நோயாளியின் பக்கம் திரும்பியே கேட்பதில்லை; நேராக ஓரத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார். பதில் வரும் பக்கம்தானே முகம் திரும்பும்?

வாயிலிருந்து விரலை எடுத்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா சொன்னது பொய்யாகும். பொய்யானால், "டாக்டர் முன்னாடி என்ன இப்பிடிப் பண்ணிட்டியே" என்பதைக் கிள்ளான் வரைக்கும் ரயிலில் கேட்க வேண்டும். அதற்குக் கம்பி குத்துவதே தேவலை. இரவல் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது. வாங்கி வைத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

ஆனி மாதம் டாக்டர் நிலானி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த ஈறு இப்படி வீங்கியிருந்தா நான் கடைசிக் கம்பியப் போட முடியாது. அதப் போடாம கழட்டவும் முடியாது. அடுத்த தடவ வரும்போது ஈறு இறங்கியிருக்கணும். இல்லாட்டி கல்யாணத்துக்குக் கம்பியோடதான்."

லோகேஸ்வரிக்கு முகம் செத்துப்போயிற்று. தனலெட்சுமி, "நான் பாத்துக்கிறேன் டாக்டர்" என்றார். அடுத்த நாளிலிருந்து குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியே போடப்பட்டது.

அடுத்த முறை போனபோது மாதவி புதிதாக ஒரு மாத்திரையை எடுத்தார். மென்று வாய் முழுக்கச் சுழற்ற வேண்டும். துப்பிய பிறகு, அழுக்கு இருக்கும் இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். லோகேஸ்வரி மென்றாள், சுழற்றினாள், துப்பினாள். முன்பல்லெல்லாம் பளிச்சென்று இருந்தன. வலது பக்கக் கடைசியில் மட்டும் ரத்தச் சிவப்பு.

"பாத்தீங்களா, சொன்னாக் கேட்டாத்தானே" என்றார் தனலெட்சுமி. "எனக்கும் ஒண்ணு குடுங்க மாதவி. ஒழுங்கா விளக்குன பல்லு எப்படி இருக்கும்னு இவ பாக்கட்டும்."

மாதவி கொடுத்தார். "நல்லாச் சுழட்டுங்க, ஆன்டி. நான் சொல்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. சாயம் ஒழுகுனா புடவ போச்சு." கிளினிக் முடிந்ததும் முகூர்த்தப் புடவை பார்க்கப் போவதாக இருந்ததால், தனலெட்சுமி சந்தன நிறத்தில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மாதவி இதையெல்லாம் தெரிந்தே செய்தாரா என்று கேட்காதீர்கள். அவரைக் கேட்க வேண்டிய கேள்விக்கு நாம் பதில் சொன்னால் நன்றாக இருக்காது.

டாக்டர் நிலானி உள்ளே வந்தார். பார்த்தார். "முன்னாடியெல்லாம் இவ்ளோ சுத்தமா இருக்கு. இந்த ஒரு மூலை மட்டும் ஏன்? வலி ஏதும் இருக்கா?" என்று வழக்கப்படி ஓரத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

நாற்காலியிலிருந்து "ம்ம்ம்" என்று மட்டும் வந்தது. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கைகள் ஏதோ சொல்ல முயன்றன. அந்தக் கிளினிக்கில் முதல் முறையாக ஒரு கேள்வி பதிலில்லாமல் நின்றது.

"இருக்கு டாக்டர்" என்றாள் லோகேஸ்வரி. "கம்பி குத்துது. அங்க பிரஷ்ஷே வைக்க முடியல."

"எத்தன நாளா?"

"நாலு மாசமா."

"நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, லோகேஸ்."

"கேட்டீங்க டாக்டர். பதிலும் வந்திருச்சு."

டாக்டர் நிலானி விளக்கை அந்த மூலைக்குத் திருப்பினார். பிறகு குறடை எடுத்து நுனியைப் பிடித்தார். டக். அவ்வளவுதான். ஒரு துளி கம்பி. வாய் திறந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் நான்கு மாதத்துக்கு முன்னாலேயே விழுந்திருக்க வேண்டியது.

தனலெட்சுமி துப்பிவிட்டு வந்தார். மாதவி கண்ணாடியைக் காட்டினார். முன்பல் வெள்ளை, உள்பக்கம் முழுக்க, வெற்றிலை போட்டது மாதிரி, சிவப்பு.

"மாத்திர பழசு போல" என்றார் தனலெட்சுமி.

ரயிலில் ஷா ஆலம் தாண்டும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. நாக்கு இன்னும் சிவந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ரொம்பவா குத்துச்சு?"

"ஆமாம்மா."

"சொல்லியிருக்கலாம் லா."

"சொன்னேன். ஆ-ன்னு சொன்னேன்."

தனலெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் காலையில் நாற்காலி குளியலறை வாசலில் இல்லை. சமையலறையில் குழம்பைக் கிண்டியபடி, "மேல முடிச்சிட்டியா" என்று பாதி வரை சொல்லிவிட்டு, மீதியைக் குழம்புக்குள் போட்டுவிட்டார். குத்தாத வாயில் பிரஷ் தயங்காமல் போய் வந்தது. ஈறு இறங்கியது, கடைசிக் கம்பி ஏறியது, கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் எல்லாம் கழன்றது. லோகேஸ்வரி நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தபடியே இருந்தாள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

கதையை இங்கே முடித்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கோயில் மண்டபத்தில் திருமணப் பதிவு நடந்தபோது, பதிவதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்து, முழு மனசோடுதான் சம்மதிக்கிறீர்களா என்று கேட்டார். பிரவின் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"அவருக்கு சம்மதம்தான் சார்" என்றாள் லோகேஸ்வரி, பளீரென்ற பல் வரிசையோடு. "கொஞ்சம் கூச்சம். அவ்வளவுதான்."

பதிவதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமி, தன் மருமகனை முதல் முறையாக ஓர் உறவினரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அந்த இனம் இல்லை, உங்கள் வீட்டில் யாருக்கும் எங்கேயும் குத்தவில்லை, குத்தினால் உங்களிடம்தான் முதலில் சொல்வார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதை நான் உங்களிடம் கேட்கவில்லையே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்கிறேன். அவர் யோசித்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் நீங்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்களா?