மரியாதைத் திருகு

சிவப்பு விளக்கு எரிந்தது. அதுவும் முதலாளியின் காரில்.

மெர்சி கருவியின் கம்பியை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, மறுபடியும் இன்ஜின் எண்ணெய்க்குள் விட்டாள். மறுபடியும் சிவப்பு.

"என்னம்மணி சொல்லுது?" என்றார் சுந்தரராஜுலு.

கணபதிப் பகுதியில் இருந்த அவருடைய சின்னக் கம்பெனியில் மெர்சிதான் ஒரே பொறியாளர். டார்ச் லைட் அளவே இருந்த அந்தக் கருவியை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். ராணுவ வண்டிகளின் எண்ணெயில் கரியும் தண்ணீரும் இரும்புத்தூளும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை, வண்டி நிற்கும் இடத்திலேயே அது சொல்லிவிடும். நல்லதென்றால் பச்சை, மாற்ற வேண்டுமென்றால் சிவப்பு. இன்று ராணுவத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். தேறாவிட்டால் இதை மூட்டை கட்டிவிட்டுப் பழையபடி பம்புசெட்டு மீட்டருக்கே போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"சிவப்புங்க சார்."

"போன மாசந்தான் மாத்துனேன். முப்பது வருசமா கார் வெச்சிருக்கறவன் நான். என்ர வண்டியப் போயி..."

சபையில் அவமானப்பட்ட சம்பந்தியைப் பார்ப்பதுபோல் அவர் காரைப் பார்த்தார்.

மெர்சி, நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிறவள். யார் மனமும் நோகக்கூடாது என்பது தன்னுடைய நற்குணம் என்று நம்பியிருந்தாள். அது வெறும் பயம்தானோ என்று எப்போதாவது தோன்றும். தோன்றியதும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவாள்.

"மிஷின்லதாங்க சார் கோளாறு," என்றாள்.

கருவியின் அடியில் ஒரு திருகு இருந்தது. எவ்வளவு அழுக்கு வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். கால் சுற்று தளர்த்தினாள். பச்சை.

"அதானே," என்று அவர் உள்ளே போனார்.

சரிபார்ப்பதற்காக ஜெப்ரியின் பைக்கில் விட்டாள். ஜெப்ரி பக்கத்து மேசைக்காரன். சிவப்பு.

"அக்கா, வாரம் ஒருக்கா தொடைக்கற வண்டிங்க இது."

"வெளியதானப்பா தொடைக்கற?"

"உங்க மிஷினுக்குக் கண்ணு தெரியலைன்னா அதுக்கு என்ர வண்டி என்னங்க பண்ணும்?"

அவன் முகம் வாடிவிட்டது. அரைச் சுற்று. பச்சை.

கடைசியில் தன் ஸ்கூட்டர். சிவப்பு. எண்ணெயை எப்போது மாற்றினோம் என்று யோசித்தாள். ஸ்கூட்டர் வாங்கிய நாள்தான் ஞாபகம் வந்தது. இருந்தாலும், தான் பெற்ற பிள்ளையே தன்னைக் குறை சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை. முழுச் சுற்று. பச்சை.

கருவிக்கும் தன்னைப்போலவே நல்ல குணம் வந்துவிட்டதாக அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மேஜர் வம்சி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே, அந்தப் பிரிவின் வண்டிகளையெல்லாம் பராமரிக்கும் ஹவில்தார் சுப்பையன். காரமடைக்காரர். சிரிக்காத முகம். கையோடு கொண்டுவந்த எண்ணெய்க் கேனைத் திறந்து மேசையில் வைத்தார்.

மெர்சி கம்பியை விட்டாள். பளிச்சென்று பச்சை. சுந்தரராஜுலு கைதட்டினார்.

"ஏனுங்க மேடம்," என்றார் சுப்பையன். "இது போன வாரம் மலையேறையில இஞ்சின் சிக்கி நின்னுபோன லாரியில எடுத்ததுங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. மேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

தன் இரண்டு வருட உழைப்பு எழுந்து வாசலைப் பார்த்துப் போவது மெர்சிக்குத் தெரிந்தது. தொண்டை வரை மன்னிப்புதான் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வெளிப்பட்டது.

"காலையில இது சரியாத்தாங்க சொல்லுச்சு. எங்க சார் காரைச் சிவப்புன்னு காட்டுச்சு. அதை அவருகிட்டச் சொல்லத் தைரியம் இல்லாம நாந்தான் திருகைத் திருப்பிப்போட்டேன்."

திருகைப் பழைய குறிக்கே கொண்டுவந்தாள். கேனில் சிவப்பு. அலமாரியிலிருந்த பிரிக்காத புது எண்ணெய் டின்னைத் திறந்து, அதில் கம்பியை விட்டாள். பச்சை. காலையிலேயே அதில் பார்த்திருக்கலாம். டின்னுக்கு மனம் நோகாது என்பதால்தானோ என்னவோ, அது நினைவுக்கு வரவில்லை.

பிறகு எல்லோரும் பார்க்க, முதலாளியின் கார். சிவப்பு.

"சார், உங்க எண்ணெய் கெட்டுப்போச்சுங்க."

அந்த வாக்கியத்தில் மென்மையாக இருந்தது கடைசி 'ங்க' மட்டும்தான்.

"போன மாசந்தான் மாத்துனேன்..." சுந்தரராஜுலு நெற்றியைத் தேய்த்தார். "இல்ல, அது பேட்டரி."

மேஜர் சிரித்துவிட்டார். சோதனை ஓட்டத்துக்கு இந்தக் கருவியையே எடுத்துக்கொள்கிறோம் என்றார். காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் தன் ஜீப்பையும் பார்த்து வைக்கச் சொல்லி, முதலாளியோடு உள்ளே போனார்.

மெர்சி நிமிர்ந்து நடந்தாள். இனி யார் முகத்துக்காகவும் எதையும் திருப்பப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுப்பையன் பானட்டைத் தூக்கிப் பிடித்தார். கம்பியை விட்டாள்.

"சிவப்புங்க," என்றாள், குரல் கொஞ்சமும் நடுங்காமல்.

சுப்பையன் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மேஜரை ஒருமுறை எட்டிப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

"ஏனுங்க மேடம், உங்க முதலாளிக்குத் திருப்புனாப்பல, எனக்கும் ஒரு கால் சுத்து திருப்பிப்போடுங்களேன்."