குளியலறைக் குழாயில் கோளாறு இல்லை, அத்தை

மிகுந்த மரியாதைக்குரிய அத்தைக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மாமாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இருவருக்கு மேல் பேனா நகரவில்லை. குழந்தை சௌக்கியம். நானும் சௌக்கியம்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்பீர்கள். யார் கூப்பிட்டாலும் போனை வாங்கிப் பேசுவது உங்கள் மகள். "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, தூங்கறேம்மா" என்று மூன்று பொய்யை ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால் அவள் கண்ணயர்ந்த இந்த அரை மணி நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன். மூன்று மாதம் இருக்கிறேன் என்று வந்த உங்களை எட்டாம் நாளே, "நாப்பது வீட்டுக்குத் தண்ணி விடற பிளம்பர் நான், ஒரு வீட்டைப் பாத்துக்க மாட்டேனா, நீங்க கிளம்புங்க அத்தை" என்று வண்டி ஏற்றிவிட்டவன் நான்தான். அந்த வாய்க்கொழுப்புக்கு இந்த ஆறாவது வாரத்தில் வகையாக அனுபவிக்கிறேன்.

முதலில் பிரசவத்தில் போட்ட தையல். அவளால் உட்காரவே முடியவில்லை. காற்றடைத்த வளையம் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். கடை வளையமெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நான் ஒரு லாரி ட்யூபைக் கழுவி, காற்றடித்து, போர்வை சுற்றிக் கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தவள் அப்படியே நடுவில் அமிழ்ந்துபோய், முழங்காலும் முகமும் மட்டும் வெளியே தெரிய, "என்னங்க, எழுந்திருக்க முடியலை" என்றாள். நானும் மாடி வீட்டு டீச்சரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். டீச்சர் சிரித்தார், இவளும் சிரித்தாள், உடனே தையல் இழுத்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று கண் கலங்கினாள். அத்தை, அவள் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அடுத்து பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். அடைப்பு என்று டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னதும், அது நம் துறை ஆயிற்றே என்று அழுத்தம், வால்வு, வளைவு என்று பத்து நிமிடம் அவளுக்கு விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அதுவும் குணமாயிற்று. தையல் ஆறிவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது, வேலை முடிந்தது என்று நான் கையைத் துடைத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழந்தையின் மூக்கு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்காதவர்களில் சேர்த்திதான்.

இனிமேல்தான் குழாய். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு நான் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ரூமிலிருந்து வரும்போது அவள் குளியலறையில் இருப்பாள், குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இருபது நிமிடம். மூட முடியாமல் அவஸ்தைப்படுகிறாள், உடம்பில் அவ்வளவுதான் தெம்பு என்று முடிவு கட்டி, வாஷரை மாற்றினேன். மறுநாளும் ஓடியது. அடுத்த வாரம் உள்ளே இருக்கும் திருகை மாற்றினேன். அதற்கு மறுநாளும் ஓடியது. அதற்கடுத்த வாரம் குழாயையே கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டி, "ஒத்தை விரலால மூடலாம், பாரு" என்று பெருமையடித்தேன். "சரிங்க" என்றாள். அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம். இது லைனில் உள்ள கோளாறுதான் என்று நேற்று அவள் உள்ளே இருக்கும்போதே வெளியில் இருக்கும் வால்வை அடைத்தேன். தண்ணீர் நின்றது, சத்தம் நிற்கவில்லை. வாயில் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டு அவள் அழுகிற சத்தம், அத்தை. நான் ஸ்பேனரும் கையுமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். மூன்று வாரமாக அந்த அழுகைக்கு நான் வாஷர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதவைத் தட்டி, "வலிக்குதா?" என்றேன்.

"இல்லைங்க."

"பின்ன ஏம்மா?"

"தெரியலை. அழுதா தூக்கறேன், பால் குடுக்கறேன், எல்லாம் செய்யறேன். ஆனா யாரோட குழந்தையையோ பாத்துக்கற மாதிரி இருக்கு. எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் அது வரவே இல்லை?" என்றாள். பிறகு, "தண்ணியைத் திறந்து விடுங்க" என்றாள்.

திறந்து விட்டேன், அத்தை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காலையில் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். "இத்தனை வாரமா இப்படி இருந்தா தானா சரியாகும்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. குழந்தைக்கு இல்லை, அவங்களுக்கு. அதுவரைக்கும் தனியா விடாதீங்க" என்றார். பெற்றவளால் முடிவது கட்டியவனால் முடியுமா? என் வாய்க்கொழுப்பை மன்னித்து, கடிதம் கிடைத்ததும் முதல் வண்டியிலேயே வந்துவிடுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும், அதில் இரண்டு பங்கு உங்கள் மகளுக்கு.

இப்படிக்கு,
உங்களை அனுப்பிவைத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விழித்துக்கொண்டாள். கடிதத்தை வாங்கி முழுவதையும் படித்தாள். "அம்மாவை வரச் சொல்லாதீங்க. வந்தா அவங்க பயப்படக் கூடாதுன்னு நான் நல்லா இருக்கற மாதிரி நடிக்கணும். இனிமே என்னால முடியலைங்க" என்றாள். "எங்கிட்ட நடிக்க வேணாமா?" என்றேன். "உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே" என்றாள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "எதையும் சரி பண்ணாதீங்க. இங்க உட்காருங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நீங்கள் இப்போது வர வேண்டாம். வியாழக்கிழமை நானே கூட்டிப்போகிறேன், பம்ப் ரூமுக்கு வேறு ஆளைப் போகச் சொல்லிவிட்டேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.