உங்கள் எலுமிச்சம்பழம் பற்றி

பெர்மாஸ் ஜெயா,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் செல்லப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கஸ்தூரியின் கணவன் வீரமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். பண்டார் தெங்காராவில் நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நேற்று மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினேழு குரல்பதிவு போட்டிருக்கிறீர்கள், நோயாளிக்கு அவ்வளவு தெம்பு வராது.

அதில் ஒன்றில், "பொம்பளப் பிள்ள கையில பிளேனக் குடுத்தா இப்படித்தான் லா" என்று சிரித்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். குழுவில் எழுதினால் சிங்கப்பூர் சொந்தங்கள் வரை வேடிக்கை பார்க்கும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

என் மகள் ரூபினி விமானி உரிமம் வாங்கியதும் முதல் பயணியாக என்னைத்தான் அழைத்தாள். முப்பத்தொரு வருடம் பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காதவன் என்ற மரியாதை. முந்தின நாள் நீங்கள் மெனக்கெட்டு வந்து, முனீஸ்வரன் கோயிலில் பூசை வைத்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, புதுக் காருக்கு வைப்பது போல முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றச் சொன்னீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னதும் நீங்கள்தான். பறக்கும் கிளப்பில் ரூபினி, "ப்பா, பிளேன் ஓடுற எடத்துல ஒரு ஆணி கெடந்தாலே திட்டுவாங்க, பழமெல்லாம் வேணாம்" என்றாள். உங்கள் மனம் கோணக்கூடாதே என்று பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன்.

மேலே எல்லாம் சுகம். "அங்க பாருங்கப்பா, உங்க பஸ் ரோடு" என்று காட்டினாள். என் முப்பத்தொரு வருடம் விரல் நீளத்துக்குக் கீழே கிடந்தது. அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இறங்கும்போதுதான் வினை. இந்தச் சின்ன விமானம் தரையில் ஓடும்போது கையால் திருப்புவதில்லை மச்சான், காலால். இரண்டு மிதி இருக்கும். மிதித்தால் திரும்பும், மேல்நுனியை அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக். என் இருக்கைக்கு முன்னாலும் அதே மாதிரி ஒரு ஜோடி. "கால இழுத்து வச்சுக்குங்கப்பா, அதத் தொடவே கூடாது" என்று மூன்று முறை சொல்லியிருந்தாள். சக்கரம் தரையைத் தொட்டது, பக்கக் காற்று ஒரு தள்ளு தள்ளியது, மூக்கு இடது பக்கம் போச்சு, அவ பதறாம காலால சரி பண்ணிக்கிட்டு வந்தா, திடீர்னு வண்டி வலது பக்கம் வெட்டி, அலமாக், ஓடுபாதைய விட்டுப் புல்லுல எறங்கி, முன்சக்கரம் மடங்கி, மூக்குல சுத்துற காத்தாடி மண்ணக் கொத்தி நின்னுச்சு! எங்களுக்குக் கீறல்கூட இல்ல. ஏன் வெட்டுச்சு? உங்க பழம்! என் கையிலிருந்து நழுவி அவ மிதிக்கு அடியில உருண்டிருக்கு. நான் கண்ண இறுக்கி மூடியிருந்ததால பாக்கல, ஆனா வேற என்ன காரணம் இருக்க முடியும்?

கஸ்தூரி வழக்கம்போல என்னைத்தான் சந்தேகப்படுகிறாள். காரில் அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறேனாம், என் பக்கத்துக் கால்விரிப்பு ஓட்டையாகிவிட்டதாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் ஏரம்பமூர்த்தி, யாழ்ப்பாணத்து வழி மனிதர், நிதானமாகக் கேட்டார்: "வேற ஆராவது மிதியில கால் வச்சவையோ, பிள்ளை?" ரூபினி என் பாதத்தை ஒருமுறை பார்த்தாள். செருப்பில்லாமல் நிற்கிறேனே என்ற கோபம் போல. "இல்ல சார், என் கால்தான், என் தப்புதான்" என்றாள். வருகிற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை முடிவு சொல்கிறார்கள். அவள் தப்பு என்று எழுதிவிட்டால் பயிற்சியாளர் ஆவதற்கான வகுப்பில் கிடைத்த இடம் போய்விடும். நாலு வருசமா ஷிப்டு முடிச்சு வந்து தூங்காம படிச்ச பிள்ள மச்சான்.

ஆகவே, பழம் நீங்கள் கொடுத்தது என்று ஏரம்பமூர்த்திக்கு ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் உங்கள் மகன் மதிவாணன் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதைவிட அவசரமாகக் குட்டை நாக்கையும் அருளட்டும். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் அன்பு. அவர்கள் பாவம்.

இப்படிக்கு,
மனம் நொந்த வீரமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரத்தில், துவைக்கத் துணி எடுத்த கஸ்தூரி, அன்றைக்கு நான் போட்டிருந்த காற்சட்டைப் பையிலிருந்து உங்கள் பழத்தை எடுத்து இந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தாள். விமான இருக்கையில் இடுப்புவார் மாட்டும்போது பையில் போட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. என் வலது கால் மிதித்தது மட்டும் அன்றைக்கே ஞாபகம் இருந்தது என்று நினைக்கிறேன். ரூபினியிடம் போய், "தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "முப்பத்தொரு வருசம் ஒரு இடி இல்லாம ஓட்டுனீங்கல்லப்பா" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை செருப்புப் போட்டுக்கொண்டு நானே கிளப்புக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். மேலே எழுதியதில் உங்கள் நாக்கைப் பற்றியதைத் தவிர மற்ற குற்றச்சாட்டுகளை எடுத்துவிடுங்கள். குழுவுக்கு நீங்களே இன்னொரு குரல்பதிவு போட்டுவிடுங்கள் மச்சான். பழைய பேச்சே போதும், 'பொம்பளப் பிள்ள' வரும் இடத்தில் என் பேரைச் சொல்லுங்கள்.