லீ ஆற்றங்கரையில் குருவி தேடிய கதை

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிய உடனேயே சிலருக்கு எல்லாம் தெரிந்த முகம் வந்துவிடும். எனக்கு அது வந்தது தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து பிளேஸ்டோ என்ற ஊரில் குடியிருந்தபோது.

நூலகத்தில் ஓர் அறிவித்தலைப் பார்த்துவிட்டுப் பறவைக் கணக்கெடுப்புக் குழுவொன்றில் சேர்ந்திருந்தேன். நாங்கள் தேடியது பிளாக் ரெட்ஸ்டார்ட் என்ற குருவி. கரிய உடம்பு, செங்கல் நிற வால். நாடு முழுவதும் மிகச் சில சோடிகளே எஞ்சியிருந்தன. அதற்குச் சோலை வேண்டாம். இடிந்த சுவரும் கற்குவியலும் போதும் (விசித்திரமான ரசனைதான்). லீ ஆற்றோரம் மூடிக் கிடந்த தொழிற்சாலை நிலம் அப்படித்தான் பாலைவனம்போல் கிடந்தது. அடுத்த கிழமை அதை இடித்துத் தள்ள இயந்திரங்கள் வரவிருந்தன. கூடு இருப்பதைக் காட்டினால் மட்டுமே சட்டப்படி வேலையை நிறுத்தலாம்.

"பாட்டின் நடுவே சரளைக்கல்லை நெரிப்பதுபோல ஒரு சத்தம் வரும்," என்று குழுத்தலைவி மார்கரெட் சொல்லித் தந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை அவர்.

துணைக்கு வந்த என் கணவர், "குருவி பாக்கவும் விடியவெள்ளன எழும்போணுமோ?" என்று முணுமுணுத்தார். சற்று நேரத்தில் சலித்துப்போய் எங்கோ ஒதுங்கிவிட்டார்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செடிப்புதருக்குப் பின்னாலிருந்து கறுக், முறுக் என்று கேட்டது. போக்குவரத்துப் போலீஸ்போலக் கையை உயர்த்தினேன்.

"அதேதான்," என்றேன்.

குழு முழுவதும் ஈரச் சரளையில் தவழ்ந்தது. முழங்கால் நோவுள்ள மார்கரெட்டும் தவழ்ந்தார். நான் வெற்றி வீராங்கனையாகப் புதரை விலக்கினேன்.

கொங்கிரீட் கட்டியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை முறுக்கு.

"என்ன, எல்லாரும் தவழ்ந்து வாறியள்?"

"நீங்களோ சத்தம் போட்டது?"

"பசிச்சுது. முறுக்கைச் சத்தமில்லாமல் கடிக்க ஏலுமோ?"

லீ ஆற்றில் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். மார்கரெட் கிழிந்த காற்சட்டையைத் தட்டிவிட்டு, ஒரு முறுக்கை வாங்கிக் கடித்துப் பார்த்தார்.

"உண்மையில் மிகவும் ஒத்த சத்தம்தான்," என்றார் கருணையோடு.

என் கணவர் பேச்சை மாற்றப் பார்த்தார். "இஞ்சை ஒரு கறுத்தக் குருவி அந்தச் சுவர் ஓட்டைக்குள்ள போய்ப் போய் வருது. வால் சிவப்பு, நடுங்கிக்கொண்டே இருக்கு. அதையோ தேடுறியள்?"

திரும்பினோம். இடிந்த சுவரின் விளிம்பில், அலகு நிறையப் பூச்சியோடு அது நின்றது. வால் துடித்தது. ஓட்டைக்குள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன. மார்கரெட்டின் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு என் கணவரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

வேலை நின்றது. குஞ்சுகள் பறந்துபோன பிறகே இயந்திரங்கள் உள்ளே வந்தன.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். "சத்தத்தை முதல்ல பிடிச்சது என்ரை மனிசிதான். சரியான காது," என்பார் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மறுப்பதில்லை.