திறந்தவர்தான் மூட வேண்டும்

கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்ன டெல்மர், அரை மணி நேரமாகியும் திரும்பவில்லை. அவருடைய மடக்குக் கத்தி வெண்டெலின் கையில் திறந்தபடி இருந்தது.

மூடிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் டென்னசி மலைப் பக்கத்தில், ஒருவர் திறந்து கொடுத்த கத்தியைத் திறந்தபடியேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். திறந்தவர்தான் மூட வேண்டும். மற்றவர் மூடினால், மூடியவர் வீட்டில் கெட்டது நடக்கும். வெண்டெலின் மாமா ஒருவர் அப்படி மூடப்போய், அதே வாரம் கோவேறு கழுதை உதைத்து முன்பல் எல்லாம் போயிற்று. அந்தக் கழுதை அதற்கு முன்பும் பலரை உதைத்திருக்கிறது என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வெண்டெல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பயந்த சுபாவம். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறையக் கத்தி சேர்த்து வைத்திருந்தாலும், கை வெட்டிவிடும் என்ற பயத்தில் எதையும் நறுக்கிப் பார்த்ததில்லை. கத்தி சேர்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கனவில் வருகிற கத்தி ஒன்று உண்டு. இவனுக்கு வந்தது இதுதான். மான்கொம்புப் பிடி, பழைய காலத்து எஃகு, செய்த கொல்லர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆர்வில் என்ற பெரியவரிடம் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசி வரை பக்கத்தில் இருந்தவர் டெல்மர் என்பதால் அவருக்குப் போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று வெண்டெல் வயிற்றெரிச்சலில் சாப்பிடவே இல்லை.

இன்று கத்திச் சந்தையில் டெல்மர் அதைப் பச்சைத் துணிமேல் திறந்து வைத்திருந்தார். மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு பார்த்தார்கள். தொட்டுப் பார்க்கக்கூட ரசனை இல்லாத ஜென்மங்கள் என்று வெண்டெல் நினைத்தான். "வாங்கிப் பாரு தம்பி, உனக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றார் டெல்மர். இவன் கையை நீட்டினான். உடனே அவருக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது.

பக்கத்து மேசைக்காரரிடம் விசாரித்தான்.

"டெல்மரா? அவர் வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிட்டாரே."

"கத்திய விட்டுட்டா? ஒரு நிமிஷம் இதப் பிடிங்க, நான் ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"எனக்குத் தோள்பட்டை வலி" என்று அவர் இரண்டு கையையும் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார்.

டெல்மரின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் வெண்டெல் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டான். திங்கட்கிழமை அவன் மனைவி ரோவீனாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. பெண்டாட்டி வயிற்றில் டாக்டர் கத்தி வைக்கப் போகிற நேரத்தில், கத்தி விஷயத்தில் தப்பு நடந்தால் என்ன ஆகும்? எப்படியும் திங்களுக்குள் டெல்மரே இதை மூடியாக வேண்டும்.

திறந்த கத்தியோடு கூட்டத்துக்குள் நடக்க முடியாது. வாசல் கடையில் ஒரு ஹாட் டாக் வாங்கி, உள்ளே இருந்த தொத்திறைச்சியைத் தின்றுவிட்டு, மிஞ்சிய ரொட்டிக்குள் கத்தி முனையைச் செருகிக்கொண்டான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டபடி காருக்கு வந்து ரொட்டியை உருவினால், அலகெல்லாம் கடுகு விழுது. பழைய எஃகுக்குக் கடுகும் புளிப்பும் ஆகாது. பளபளவென்று இருந்த அலகில் அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு விழுந்திருந்தது. பதறிப்போய்ச் சட்டை நுனியால் துடைத்தான். திட்டு அப்படியே இருந்தது. சட்டை நுனிதான் தனியாகக் கையோடு வந்தது.

கத்தியைப் பக்கத்து இருக்கையில் வைத்து வண்டியை எடுத்தான். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அது அவன் தொடையை நோக்கி நகர்ந்து வந்தது. அவன் கதவோடு ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்ட, கார் சாலையின் இரண்டு ஓரத்தையும் அளந்தது. பின்னாலேயே போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றியது.

போலீஸ்காரர் குனிந்து அவனை முகர்ந்து பார்த்தார். கடுகு வாசனைதான் வந்தது. அப்புறம் இருக்கையைப் பார்த்தார்.

"கத்திய மூடுங்க சார்."

"நான் திறக்கலீங்க."

"வேற யாரு திறந்தா?"

"இன்னொருத்தர் திறந்து கையில கொடுத்துட்டுப் போயிட்டார்."

போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார். துப்பாக்கியைக் கண்டால்கூட அவர் அப்படிப் போயிருப்பாரா என்பது சந்தேகம். "அப்படியே இருக்கட்டும். மூடிடாதீங்க" என்றவர், மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, அபராதம்கூட எழுதாமல் தன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சட்டமே ஒதுங்கிப் போவதைப் பார்த்ததும் வெண்டெலுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

வீட்டில் ரோவீனா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கிழிந்த சட்டையையும் கையில் கத்தியையும் பார்த்துவிட்டு, யாரையாவது குத்திவிட்டாயா என்று விசாரித்தாள். அந்தத் துணிச்சல் அவனுக்கு இல்லை என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் கையை நீட்டினாள்.

"கொண்டா, நான் மூடறேன். வயிறு என்னோடதுதானே."

வெண்டெல் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கத்தியைக் காப்பாற்றப் பின்னால் நகர்ந்தவன் கண்ணாடி அலமாரிமேல் சாய்ந்தான். அலமாரி சரிந்தது. ஆயுள் முழுக்கச் சேர்த்த கத்திகள் தரையெல்லாம் சிதறின. அவன் எதையும் குனிந்து பார்க்கவில்லை.

"ஏன் இப்படி நடுங்கற? என்னை அறுக்கப் போறவர் படிச்ச டாக்டர். டெல்மர் கத்தியக் கேட்டுக்கிட்டா அறுப்பார்?"

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன், ரோவீனா? எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். காரில் கத்தியைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். டெல்மர் வீடு வரை, மாதா கோயிலில் மெழுகுவர்த்தி பிடிக்கிற மாதிரி அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் வயிற்றுவலி வந்தபோதும் கையைத் தளரவிடவில்லை. வெண்டெலுக்கு அழுகை வந்தது. இந்தக் கனவுக் கத்தியும் வேண்டாம், வேறு எந்தக் கத்தியும் வேண்டாம், இவள் நல்லபடியாக எழுந்து நடந்தால் போதும் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே ஓட்டினான்.

டெல்மரின் வண்டி வாசலில்தான் நின்றது. மாடி ஜன்னலில் திரை ஒரு தரம் அசைந்து நின்றது. நல்ல வேளை, ஆள் வீட்டில் இருக்கிறார் என்று வெண்டெலுக்கு உயிர் வந்தது. கதவைத் தட்டினான். டெல்மரின் மனைவி ஓபல் வந்து திறந்தாள். கத்தியைப் பார்த்ததும் அவளுடைய இரண்டு கையும் மேலங்கிப் பைக்குள் போயின.

வெண்டெல் கடுகுக் கறைக்கு மன்னிப்புக் கேட்டான். கறையைத் தன் செலவில் எடுத்துத் தருவதாகச் சொன்னான். "அவரை ஒரே ஒரு நிமிஷம் கீழ வரச் சொல்லுங்கம்மா. அவர் கையால மூடிட்டார்னா நாங்க போயிடுவோம். நாளன்னிக்கு இவளுக்கு ஆப்பரேஷன்."

ஓபல் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரோவீனாவைப் பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இவர் எப்படித் தம்பி மூடுவார்? இதத் திறந்தவர் ஆர்வில் பெரியவராச்சே. ஆஸ்பத்திரியில ஆப்பிள் நறுக்கணும்னு திறந்து இவர் கையில கொடுத்தார், இதை மூடறதுக்குள்ள அவர் கண்ணை மூடிட்டார்."